டாக்டர் ஆண்ட்ரூ பெல் சரித்திரமும் நம் சிறுவர் பள்ளியொழுக்கமும்

நம் பத்திரிகையில் இதுகாறும் வெளிவந்த சரித்திரங்கள் பெரும்பாலும் நம் நாட்டுப் பெரியோர்களைப் பற்றியனவே. இம்மாதம் ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார் ஒருவரது வாழ்க்கையை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் யாதென அன்பர்கள் வினவலாம். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நம் குடும்பங்களில் சென்ற ஆண்டு முழுதும் பேசப்பட்ட செய்தியொன்றே அதற்குக் காரணம்.

நம் குப்பத்துப் பிள்ளையொருவன், ஒன்பதாம் வகுப்பிற் பயின்றவன், பள்ளியினின்று நீக்கப்பட்டான். பள்ளியின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் இங்கு எழுதோம். அவன் நாடோறும் காலந்தாழ்த்து வந்தான் என்பது முதற் குற்றம். வாயிலில் நிறுத்தப்பட்டபோது எதிர்த்துப் பேசினான் என்பது இரண்டாவது குற்றம். தகப்பன் விசைப்படகில் ஆழ்கடல் சென்றிருந்த நாட்களில், விடியுமுன் காசிமேட்டு ஏலத்துக்குத் தாயுடன் சென்று கூடை சுமந்துவிட்டுப் பின்னரே அவன் பள்ளிக்குச் சென்றான் என்பதை எவரும் கேட்டறியவில்லை. கரைக்குத் திரும்பிய தகப்பனும் கேட்கவில்லை. வீட்டிலும் அடி விழுந்தது. இது பற்றி நம் சங்கத்தில் நடந்த விவாதத்தில், அடி குறைந்தமையாற்றான் பிள்ளைகள் கெட்டனர் என்று பெரியவர் பலர் பேசினர். அடியை அண்ணன் தம்பியினும் மேலான துணையாக வைத்துச் சொல்லும் பழமொழியும் அன்று பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது. அப்போது நம் நினைவுக்கு வந்தவரே டாக்டர் பெல். சென்னையில், நம் கரையிலிருந்து இரண்டு மூன்று மைல் தொலைவில், பிரம்பின்றி ஒரு பள்ளியை நடத்திக் காட்டியவர் அவர்.

ஆண்ட்ரூ பெல் 1753-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் முடிதிருத்துந் தொழிலினர். ஆயினும் கடிகார நுட்பமும் சதுரங்கமும் நன்கறிந்தவரென ஊரிற் பெயர் பெற்றிருந்தார். மகன் சிறு வயதிலேயே உள்ளூர்ப் பள்ளியிற் சேர்க்கப்பட்டான். அக்காலத்து ஐரோப்பியப் பள்ளிகள் நம் திண்ணைப் பள்ளிகளுக்குக் கடுமையிற் சற்றுங் குறைந்தனவல்ல. இன்று அடி விழுமோ விழாதோ என்பது தெரியாமல் நடுங்கிக்கொண்டே பள்ளிக்குச் சென்றதாகப் பெல் தம் முதுமையிலும் நினைவுகூர்ந்ததுண்டு. அடியின் நோவைவிட, அது எப்போது, எதற்காக விழும் என்று தெரியாதிருந்ததே அவர் உள்ளத்தில் ஆறாப் புண்ணாயிற்று. அவர் பின்னாளிற் செய்த ஏற்பாடுகளெல்லாம் இந்நடுக்கத்தினின்று பிறந்தனவே என்பது நம் கருத்து.

செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திற் கணிதமும் இயற்கைத் தத்துவமும் பயின்று, 1774-இல் அமெரிக்காவில் வர்ஜீனியா நாட்டுக்குச் சென்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உபாத்தியாயராயிருந்தார். புகையிலை வியாபாரமுஞ் செய்தார். 1781-இல் தாயகம் திரும்புகையிற் கப்பல் உடைந்து உயிர் தப்பினார். பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையிற் பட்டம் பெற்றுப் பாதிரியாரானார். பொருள் தேடும் அவாவும் அவருக்கு மிகுதியாயிருந்தது. இந்தியாவுக்கு வந்ததும் அதன் பொருட்டே. இதை மறைப்பதிற் பயனில்லை.

அவர் சென்னை வந்து சேர்ந்தது 1787-இல். கல்கத்தா செல்லக் கருதிப் புறப்பட்டவர் சென்னையிலேயே தங்கிவிட்டார். அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றதே 1875-இல்தான். கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, கவர்னரேயாயினும் சிப்பாயேயாயினும், ஆணியின்றிக் கயிற்றாற் பலகை தைத்த மசூலாப் படகிலேறி, மூன்று அலைவரிசைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். அலையின் போக்கறிந்து அப்படகை வலித்தவர்கள் நம் கரையோரத்து முன்னோர்கள். நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டு வந்த வெள்ளையர் பலரைக் கரையேற்றிய கைகளே பெல்லையும் கரையேற்றின.

சில படைகளுக்குக் குருவாக நியமனம் பெற்றுச் சம்பளம் பல வாங்கிவந்த பெல்லிடம், 1789-இல் எழும்பூர்க் கோட்டைக் கொத்தளத்தில் நிறுவப்பட்ட இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை மேற்பார்க்கும் பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது. இன்று எழும்பூர் ரெயில் நிலையம் நிற்கும் இடமே அக்கொத்தளம் இருந்த இடம். இவ்வேலைக்கென ஏற்பட்ட சம்பளத்தை வேண்டாவென்று மறுத்துவிட்டார். காசில் அத்துணைக் கருத்துடைய மனிதர் இதிற் காசு வேண்டாவென்றது நமக்கு வியப்பளிக்கின்றது.

விடுதியிலிருந்த சிறுவர்கள் யாவர்? ஆங்கிலச் சிப்பாய்களுக்கும் இந்நாட்டு மாதர்களுக்கும் பிறந்து, தகப்பனை இழந்தோ தகப்பனாற் கைவிடப்பட்டோ நின்றவர்கள். பொய்யர், திருடர், பிடிவாதக்காரர், அறிவு குறைந்தவர் என்று இரு திறத்தாரும் அவர்களை இகழ்ந்தனர். பிறப்பே அதற்குக் காரணமென்றும் கூறினர். பெல்லும் தொடக்கத்தில் அவ்வெண்ணத்தினின்று முற்றும் விடுபட்டவரல்லர். சிறுவரின் குறைகளுக்கு அவர்தம் தாய்மாரைக் குற்றங்கூறும் வழக்கம் அவரிடமும் இருந்தது. குப்பத்துப் பிள்ளை என்றவுடனே முரடன் என்று முடிவுகட்டும் சொற்களை நம் பிள்ளைகள் இன்றும் கேட்டு வருதலால், இவ்விடத்தை நம் வாசகர்கள் விரைந்து கடந்து செல்லாதிருக்க வேண்டுகிறோம்.

விடுதி உபாத்தியாயர்கள் வேலையில் ஊக்கமற்றவர்கள். புதிய முறையெதையும் அவர்கள் ஏற்றிலர். ஒருநாட் காலையிற் குதிரைமீது சென்றுகொண்டிருந்த பெல், வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். பிள்ளைகள் தரையிலமர்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிக்கொண்டிருந்தனர். காகிதமும் மையும் செலவில்லை. பிழையானால் கையால் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். அம்முறையைக் கீழ்வகுப்பிற் கையாளுமாறு உபாத்தியாயருக்குக் கட்டளையிட்டார். அவ்வாறு கற்பித்தல் இயலாது என்று உபாத்தியாயர் சாதித்தார். பெல் வாதாடவில்லை. எட்டு வயதுடைய ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனை, ஒரு சிப்பாயின் மகனை, அழைத்து அவ்வகுப்பை அவனிடமே ஒப்புவித்தார். சிறுவன் கற்பித்தான்; வகுப்புக் கற்றுக்கொண்டது. சின்னாளிற் பிற கீழ்வகுப்புக்களும் அவன் பொறுப்பாயின. இவ்வாறு மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் ஏற்பாடு தோன்றிற்று. வல்லவன் ஒருவனையும் மெலிந்தவன் ஒருவனையும் அருகருகே இருத்தி, முன்னவன் பின்னவனுக்கு உதவுமாறு செய்தார். மெலிந்தவன் தேறாவிடிற் குறை இருவருக்கும் உரியது.

பிள்ளைகளுக்குப் பிள்ளையே தலைவனாவது நம் நாட்டுக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை என்பவன் தொன்றுதொட்டு உண்டு. ஆனால் அச்சட்டாம்பிள்ளையின் ஆட்சி எத்தகையது என்பதை நம் பாட்டன்மார் அறிவர். அவனுக்குத் தின்பண்டம் கொடுத்தவன் தப்புவான். கொடாதவன் முதுகு வீங்குவான். காலையில் முதலில் வந்தவனுக்கு அடியில்லை, அடுத்தவனுக்கு ஒன்று, அதற்கடுத்தவனுக்கு இரண்டு என்று அடி வளர்ந்துகொண்டே போகும். பெருங்குற்றத்துக்குக் கோதண்டம், விட்டத்திற் கட்டிய கயிற்றைப் பிடித்துக் கால் தரையிற் படாமல் தொங்கவேண்டும். கண்ணை மட்டும் விட்டுவைத்து மற்றதை உரித்துவிடுமாறு வாத்தியாரிடம் சொல்லிப் பிள்ளையைச் சேர்த்த தகப்பன்மார் நம் குலத்திலும் ஏராளம்.

பெல் நம் பள்ளியினின்று மணலை எடுத்துக்கொண்டார். அங்குச் சட்டாம்பிள்ளை செய்த வேலையைத் தம் சிறுவர்களிடமும் ஒப்புவித்தார். பிரம்பையும் கோதண்டத்தையும் ஏற்கவில்லை. ஆனால் தண்டனையை நீக்கிவிட்டால் ஒழுங்கு எவ்வாறு நிற்கும்? இக்கேள்விக்கு அவர் கண்ட விடையே நாம் இச்சரித்திரத்தை எழுதக் காரணமாயிற்று. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம்.

விடுதியிற் கறுப்புப் புத்தகம் என்று ஒரு பதிவேடு வைக்கப்பட்டது. ஒரு சிறுவன் குற்றஞ்செய்தால், அதைக் கண்ட மாணாக்கத் தலைவன் அவனை அடிக்கலாகாது. குற்றம் இன்னதென்று அப்புத்தகத்தில் எழுதவேண்டும். அவ்வளவே அவனது அதிகாரம். வாரத்துக்கொரு முறை பள்ளி முழுதும் கூடும். அப்போது புத்தகத்தில் எழுதியவை ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். குற்றத்தை விசாரித்துத் தீர்ப்பளிப்போர் பன்னிரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவரோ அடங்கிய சிறுவர் சபையினர். அவர்கள் விதித்த தண்டனையை நிறைவேற்றவும், குறைக்கவும், அறவே தள்ளிவிடவும் மேற்பார்வையாளராகிய பெல்லுக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் அவர் குறைத்தார் அல்லது மன்னித்தார்.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். குற்றம் நிகழ்ந்த நாளுக்கும் விசாரணை நாளுக்கும் இடையே சில நாட்கள் கழிகின்றன. அதற்குள் சினம் ஆறிவிடும். குற்றம் எழுத்திலிருப்பதால், எதற்காக நிற்கிறோம் என்பது பிள்ளைக்குத் தெரியும். பொய்யாக எழுதினவன் எல்லார் முன்னிலையிலும் அகப்பட்டுக்கொள்வான். குற்றஞ்சாட்டுபவன் ஒருவன், விசாரிப்போர் வேறு, தண்டிக்கவோ மன்னிக்கவோ உரியவர் மற்றொருவர். செயிண்ட் ஆண்ட்ரூஸில் நடுங்கிக்கொண்டு நடந்த சிறுவனுக்கு இல்லாதிருந்த உறுதி எழும்பூர்ச் சிறுவர்களுக்குக் கிடைத்தது. தண்டனைக்குரிய காரியங்களே அருகிவிட்டன என்று பெல் தம் அறிக்கையில் எழுதினார். தம் முறையைத் தாமே புகழ்ந்துகொள்ளும் இயல்பு அவருக்கு உண்டாதலால் இதனைச் சற்றுக் குறைத்தே கொள்ளலாம். ஆனால் வேறொரு சான்றும் உண்டு. திப்பு சுல்தானின் புதல்வர் இருவர் பிணையாகச் சென்னையில் வைக்கப்பட்டிருந்து 1794-இல் தந்தையிடம் திருப்பி அனுப்பப்பட்டனர். அப்போது உடன் சென்றவர்களில் விடுதி மாணாக்கனான வில்லியம் ஸ்மித் என்பவனும் ஒருவன். இயற்கைத் தத்துவக் கருவிகளைக் கொண்டு திப்புவின் முன்னிலையிற் சோதனைகள் செய்துகாட்டி அவன் பாராட்டுப் பெற்றான். பிறப்பாற் பயனற்றவரென்று தள்ளப்பட்ட கூட்டத்தினின்று வந்த பிள்ளை அவன்.

இங்கே நம் அன்பர்களை ஒன்று கேட்க விரும்புகிறோம். நம் குப்பங்களில் ஒருவன் வலையை மற்றொருவன் படகு அறுத்துவிட்டால் என் செய்கிறோம்? ஊர்ப் பஞ்சாயத்தார் கோயில் முன் கூடுகிறார்கள். இரு பக்கத்தாரும் பேசுகிறார்கள். இருட்டா, நீரோட்டமா, விளக்கு இருந்ததா என்றெல்லாம் விசாரித்த பின்னரே அபராதம். கேளாமல் அபராதம் விதித்த பெரியதனக்காரர் மறுமுறை அந்தத் திண்ணையில் அமர முடியாது. ஐந்நூறு ரூபாய் வலைக்குக் காட்டும் பொறுமையை ஒரு பிள்ளையின் படிப்புக்கு நாம் காட்டினோமா? மேலே சொன்ன பிள்ளையின் வழக்கில் நம் சங்கமும் கேளாமலே தீர்ப்புச் சொன்னது.

பெல் 1796-இல் உடல் நலங்குன்றிப் பெரும் பொருளுடன் இங்கிலாந்து திரும்பினார். 1797-இல் சென்னை விடுதியிற் செய்த சோதனையைப் பற்றிய தம் அறிக்கையை அச்சிட்டார். அடுத்த ஆண்டே இலண்டனில் ஒரு தருமப் பள்ளி அம்முறையை மேற்கொண்டது. ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞரும் ஏறக்குறைய அதே காலத்தில் அத்தகைய முறையொன்றில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார். 1804-இல் அவர் பெல்லைத் தேடிவந்து கண்டு அளவளாவினார். பின்னர் முறையை முதலிற் கண்டவர் யாரென்பதிலும், சமயப் பிரிவினாலும் இருவர் கட்சியினருக்கும் நெடும்போர் மூண்டது. அப்போரின் விவரங்கள் நமக்கு வேண்டுவதில்லை. ஆனால் ஒரு வேற்றுமையைச் சொல்லவேண்டும். லங்காஸ்டரும் பிரம்பை வெறுத்தவர். ஆயினும் அதற்கு ஈடாகக் கழுத்தில் மரக்கட்டை மாட்டுதல், கூடையில் வைத்துக் கூரையிற் கட்டித் தூக்குதல் முதலிய அவமானத் தண்டனைகளை வகுத்தார். உடம்பை விட்டு மனத்தை அடித்தால் அடி அடியன்று என்று எண்ணினார் போலும்! இக்காலத்தில் வகுப்பின் வாயிலில் மணிக்கணக்காக நிறுத்துவதும் இதன் இனமே.

பெல்லின் ஏற்பாட்டிலும் குறையில்லாமலில்லை. ஒரு பிள்ளையின் குற்றத்தைப் பள்ளி முழுதுங் கூட்டி வாசிப்பது நாணமூட்டுவதே. சிறுவர் சபை சில சமயம் பெரியவரினும் கடுமையாகத் தீர்ப்புச் சொல்லும். இவ்விரண்டையும் நாம் ஏற்கவில்லை. அன்றியும், ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்கள் நிலைமைக்கு மேற்பட்ட கல்வி வேண்டுவதில்லையென்றும், எழுத்தும் கணக்குங்கூடக் கட்டாயமில்லையென்றும் பிற்பதிப்பொன்றில் எழுதினார். முடிதிருத்துவார் மகன், அநாதைகளைத் திப்புவின் அவை வரை உயர்த்தியவர், இதனை எழுதியது நமக்கு வருத்தந் தருகின்றது. இல்லற வாழ்விலும் அவர் அமைதி பெறவில்லை. 1800-இல் மணந்து ஆறாண்டுகளிற் பிரிந்தார்.

1811-இல் திருச்சபையார் ஏழைகளின் கல்விக்காக நிறுவிய தேசீய சங்கம் அவர் முறையை மேற்கொண்டது. அவர் ஊரூராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். 1816-இல் சுவிட்சர்லாந்து சென்று பெஸ்டலோஜி என்னும் கல்வியாசிரியரையும் கண்டார். 1832-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் செல்ட்டனாமில் அவர் காலமானபோது, அவர் முறையில் நடந்த பள்ளிகள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டிருந்தன எனக் கணக்கிட்டுள்ளனர். உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ்செய்யப்பட்டது. செல்வமனைத்தையும், ஏறத்தாழ 1,20,000 பவுனை, கல்விக்கே எழுதிவைத்தார். அதனைக்கொண்டு செயிண்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்குகின்றது. நம் நகரம் தன் பெயரை 1996-இல் மாற்றிக்கொண்ட பின்னரும் அப்பள்ளி பழைய பெயரை விடவில்லை.

ஆனால் முறை பரவிய வேகத்தில் அதன் உயிர் தேய்ந்தது. ஓர் உபாத்தியாயரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சிக்கனமாகக் கற்பிக்கலாம் என்பதையே செல்வர்கள் பிடித்துக்கொண்டனர். பதிவேட்டையும் விசாரணையையும் பொருட்படுத்தினோர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அம்முறையே வழக்கொழிந்தது. பிரம்போ, அங்கும் இங்கும், நெடுங்காலம் நின்றது.

இங்குச் சட்டம் மாறியது அண்மையில்தான். 2003-இல் தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் திருத்தப்பட்டு உடலடி விலக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. உடலை வருத்துதலையும் மனத்தை வருத்துதலையும் ஒருங்கே தடுக்கின்றது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எப்பிள்ளையையும் பள்ளியினின்று நீக்கலாகாது என்றும் விதிக்கின்றது. நம் பிள்ளை ஒன்பதாம் வகுப்பினன். அவ்வேலிக்கு ஓரடி வெளியே நின்றான். சட்டம் பிரம்பை வாங்கிக்கொண்டது. அதன் இடத்தில் என்ன வைப்பது என்பதைப் பல பள்ளிகளிலும் வீடுகளிலும் இன்னும் எவரும் சொல்லித்தரவில்லை. ஐம்பது பிள்ளைகளுடன் தனித்து நிற்கும் உபாத்தியாயரின் இடர்ப்பாட்டையும் நாம் உணர்கிறோம். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று.

கேட்டறிதல் என்பது இளக்காரமன்று. 1920-இல் பிட்டி தியாகராயச் செட்டியார் நகரசபைத் தலைவராயிருந்த காலத்தில், பள்ளிக்கு வாராத ஏழைச் சிறுவரை அதட்டி இழுத்து வரவில்லை. ஏன் வரவில்லை என்று பார்த்தார்கள். பசியென்று கண்டு, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் கூச்சத்துடன் எழுதுகிறோம். பிள்ளைகளே பிள்ளைகளை விசாரிக்கும் முறைக்கு முதல் வேண்டுவது அவர்கள் தங்களுக்குள் சாதி பாராதிருத்தல். நாங்குநேரியில் 2023-இல் நடந்த கொடுமைக்குப் பின் நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களின் குழு, மாணாக்கர் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டலாகாது என்று 2024-இற் பரிந்துரைத்தது. சாதியின் பெயரால் அமைந்த சங்கத்தின் பத்திரிகையில் இதை எழுதுவது முரணெனச் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நம் சங்கம் கொடுக்கும் பரிசுப் பொருட்களில் அத்தகைய கயிறு இனி இராது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

அப்பிள்ளை இப்பொழுது காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றும் வேலை செய்கிறான். சென்ற மாதம் நம்முள் இருவர் சென்று அவனைக் கண்டு பேசினோம். முதல் கால் மணி நேரம் அவன் வாய் திறக்கவில்லை. பிறகு, தான் தாழ்ந்து வந்த நாட்களையெல்லாம் விரல்விட்டு எண்ணிச் சொன்னான். எல்லாம் தகப்பன் கடலிலிருந்த நாட்கள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அமர்வதில் அவனுக்கு விருப்பம் உண்டு, தாய்க்கும் சம்மதமே. தகப்பனிடம் இன்னும் பேசவேண்டும்.

நம் மாலை வகுப்பில் அடிப்பதில்லை என்றும், பிழை செய்த பிள்ளையின் பெயரையும் காரியத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, மூன்று நாள் கழித்து, பிள்ளையையும் பெற்றோரையும் தனியே இருத்தி முதலில் பிள்ளையின் சொல்லைக் கேட்பதென்றும் ஓர் ஏற்பாடு செயற்குழுவின் முன் உள்ளது. பெரியவர் சிலர் இதற்கு உடன்படவில்லை. வரும் மாதக் கூட்டத்தில் இது முடிவுக்கு வரும். ஆண்மக்கள் கடலிலிருக்கும் வீடுகளினின்று தாய்மார்கள் தவறாது வந்து தங்கள் கருத்தைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். குறிப்பேடு வாங்கியாயிற்று.